ஒப்பீட்டு முறைக்கு இனி வேலை உண்டா?

கேள்வி: புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறோம். பிற நிறுவனங்களோடு நம் செயல்பாட்டை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் 'பெஞ்ச்மார்க்கிங்' முறையைக் கையாளும்படி எங்கள் தணிக்கையாளர் சொல்கிறார். கேட்ட புள்ளிவிவரத்தைக் கணினியே நொடியில் எடுத்துத் தரும் இக்காலத்தில் அதற்கு எதிர்காலம் உண்டா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. எண்ணுக்கு எதிரே எண்ணை எழுதி, அறிக்கையைக் கோப்பில் கட்டிவைக்கும் வழக்கத்துக்குத்தான் எதிர்காலம் இல்லை. அது ஒழிவதில் நட்டமும் இல்லை.

ஒரு நகல் இயந்திரத்தைத் தயாரிக்கத் தனக்கு ஆகும் செலவுக்கே ஜப்பானியர்கள் அதை விற்பதைக் கண்ட ஜெராக்ஸ் நிறுவனம், 1979-இல் இந்த ஒப்பீட்டு முறையைத் தொடங்கியது. பின்னர், கிடங்கிலிருந்து சரக்கை எடுத்து அனுப்பும் வேலையைக் கற்பதற்காக, நகல் இயந்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அஞ்சல் வழியே உடையும் காலணியும் விற்ற எல்.எல்.பீன் நிறுவனத்தை அது நாடியது. அங்கே கேட்டது 'எவ்வளவு' என்பதை அல்ல, 'எப்படி' என்பதை.

உங்கள் ஆலைக்கு வருவோம். அரசு நெல்லை அரைத்துத் தருவோர் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி தர வேண்டும் என்பது விதி. உங்களுக்கு 66 கிலோதான் கிடைக்கிறது என்றால், குறை எங்கே என்பதை அந்த எண் சொல்லாது. மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லையும் தை மாதத்துச் சம்பாவையும், சன்ன ரகத்தையும் மோட்டா ரகத்தையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும். அவித்த நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தினால் மணியில் கீறல் விழுந்து, அரவையில் நொய் கூடும். பாதி உலர்ந்ததும் சில மணி நேரம் ஆறவைத்து, மீண்டும் உலர்த்தினால் நொய் குறையும். எப்போது நிறுத்த வேண்டும் என்பது உலர்த்தியின் அருகே நிற்கும் ஆளுக்குத் தெரியும். ஆண்டறிக்கையில் அது இராது.

இனி ஈரப்பதமும் வெப்பநிலையும் உணரிகளால் நிமிடந்தோறும் பதிவாகும். செயற்கை நுண்ணறிவு வழக்கத்துக்கு மாறானதைச் சுட்டிக்காட்டும். ஆனால் அது தரும் சராசரி எந்தெந்த ஆலைகளுடையது, எந்தப் பருவத்துடையது என்று கேளாமல் ஏற்காதீர்கள். வேறு தொழிலையும் பாருங்கள்: பால் சங்கத்தில் கொண்டுவந்த பாலை அங்கேயே சோதித்துத் தரத்துக்கேற்ப விலை போடுகிறார்கள், நம் ஆலைகள் பலவற்றிலோ ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே குவியலாகிவிடுகின்றன.

கேள்வி: போட்டியாளர் தம் கணக்கை நமக்கு ஏன் காட்டுவார்?
- வாசகர், திருவாரூர்

பதில்: லாபத்தைக் காட்டமாட்டார், கேட்கவும் வேண்டாம். விற்பனை விலையைக் கூடிப்பேசி முடிவுசெய்வது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டதும்கூட. நொய் விழுக்காடு, ஒரு டன்னுக்குச் செலவாகும் மின்சாரம், உலர்த்தும் நேரம் ஆகியவற்றை ரூபாய்க் கணக்கின்றிப் பரிமாறிக்கொள்ள, உங்கள் எண்களை நீங்கள் முதலில் கொடுத்தால், பெரும்பாலோர் தயங்கமாட்டார்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்த, தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். வரும் குறுவை அறுவடைக்கு முன்பே தொடங்குங்கள். நெல் வந்து குவிந்தபின் அளக்க யாருக்கும் நேரம் இராது.