அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பை (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் உள்தளம் வைத்தது) எப்படிப் பழக்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

சர்க்கரையால் அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வீடு குளச்சல் பக்கம், புதுச் செருப்பு "நல்லா சொகமா இருக்கு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொகத்தை மட்டும் நம்பாதீர்கள். மரத்த காலுக்குச் செருப்பு கடிப்பது தெரியாது. அம்மாவின் காலுக்குப் பதிலாக உங்கள் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

அளவைச் சாயங்காலம் பாருங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். அம்மாவை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றித் தாளில் வரைந்து, வெட்டிச் செருப்பின்மேல் வையுங்கள். தாள் ஓரத்தில் மடங்கினாலோ வெளியே நீட்டினாலோ அகலம் போதாது. நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. மிச்சம் வேண்டும். பின்வார் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு கழலாமல் இருக்க விரலை மடக்கிக் கவ்வி நடப்பார்கள். விரல் நுனியில் புண் வரும். விரலிடுக்கில் வார் வரும் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் நாள் வீட்டுக்குள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டலாம். கழற்றியதும் இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு உட்பட, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த தடம் 20, 30 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்துகிறது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அதற்கும் இதே அர்த்தம்தான். செய்து கொடுத்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள், நீங்களே வெட்டிச் சரிசெய்ய வேண்டாம். கொப்புளமோ புண்ணோ வந்தால் செருப்பை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். வலியே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படியே. அன்று நடக்கவே விடாதீர்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தச் செருப்புக்குப் பெரிய எதிரி தண்ணீர். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று பாதி வருஷம் ஈரம். நனைந்தால் ஒட்டிய பசை விடும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அதனால் முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்ததைத் துணியால் துடைத்து, செய்தித்தாளை வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டு, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில், அடுப்படி, பூட்டிய கார் மூன்றும் கூடாது. சூட்டில் பசை இளகும், காலுக்கேற்பச் செய்த உள்தளம் சுருங்கி வடிவம் மாறும். அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும், வாளியில் ஊற வைக்காதீர்கள். வெல்க்ரோவில் கதம்பை (தேங்காய் மட்டை) நாரும் தலைமுடியும் சிக்கினால் பிடிப்பு போய்விடும்; பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கடற்கரை ஊரில் மணலும் சிப்பித்துண்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். உள்ளே போட ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கோயிலிலும் விவேகானந்தர் பாறையிலும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கல் கொதிக்கும், அம்மாவுக்கு அது தெரியாது. வெறுங்காலே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் வெளியே நின்று கும்பிடட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. மற்றபடி காலையில் வெயில் ஏறும் முன் போய் வரலாம்.

எம்.சி.ஆர். நடக்க நடக்க அமுங்கும். மாதம் ஒருமுறை முன்பாதம் பதியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்தபடியே நின்றாலோ, அடியிலுள்ள கெட்டி ரப்பர் தட்டுப்பட்டாலோ உள்தளம் மாற்ற வேண்டும். தினம் போட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் இந்த நிலை வரும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். தைக்கக் கொடுக்கும்போது ஆணி அடிக்கக் கூடாது, பசையும் தையலும் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆணி மேலே ஏறிக் காலில் குத்தினாலும் அம்மாவுக்குத் தெரியாது. சாக்ஸ் போடுவதானால் இறுக்கமில்லாத வெள்ளைப் பருத்தி சாக்ஸ் வாங்குங்கள்; ரத்தமோ சீழோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும்.