கன்டெய்னர் லாரியோட ‘பிளைண்ட் ஸ்பாட்’னா என்ன? பக்கத்துல போற பைக், லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாதா?

பிளைண்ட் ஸ்பாட்னா சீட்ல உக்காந்து எந்தக் கண்ணாடியில பாத்தாலும் டிரைவர் கண்ணுக்குச் சிக்காத இடம், அவ்ளோதான்.

காரணம் சீட்டோட உயரம். மொட்டை மாடியில நின்னு எட்டிப் பாக்காம கீழ பாருங்க, எதிர் வீட்டு வாசல் நல்லாத் தெரியும், ஆனா நம்ம சுவரை ஒட்டி நிக்கிற கீரைக்காரம்மா தெரியமாட்டாங்க, குரல்தான் கேக்கும். அதே மாதிரிதான் லாரி மூக்குக்கு நேர் கீழயும் இடது கதவை ஒட்டியும். நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கறதால இடது பக்கம் இன்னும் மோசம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பருக்குப் போற டிரெய்லருங்க வரிசையா நிக்கும்போது, இடது பக்க சந்துல ஸ்கூட்டில புள்ளையை முன்னாடி நிக்கவெச்சு நுழையறவங்களைப் பாத்தா எனக்கு நெஞ்சே பதறுது. வண்டி இடது பக்கம் திரும்பும்போது கேபின் மட்டும் முதல்ல மடங்கும், அப்போ இடது கண்ணாடி முழுக்க 40 அடி கன்டெய்னரோட சுவருதான் தெரியும், பின் சக்கரமோ முன் சக்கரம் போன தடத்துல வராம உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும், சந்துல இருக்கறவங்களுக்கு ஒதுங்க இடமே இருக்காது.

அவ்ளோ பெரிய கண்ணாடி இருக்கே, நம்மளைப் பாத்திருப்பாருன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, கண்ணாடியில அவர் முகம் உங்களுக்குத் தெரியலன்னா அந்தக் கண்ணாடியில நீங்களும் அவருக்குத் தெரியல.