இரண்டாம் வகுப்பிலேயே மகளைப் பள்ளி நிறுத்திவைக்க முடியுமா?

முடியாது. குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்கிற, கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-ஆம் பிரிவு தனியார் பள்ளிக்கும் பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மட்டுமே நிறுத்திவைக்க வழி உண்டு. "இன்னொரு வருடம் இங்கேயே இருக்கட்டும்" என்று தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வீட்டில் நன்றாகப் படிப்பவள் வகுப்பில் மட்டும் பின்தங்குகிறாள் என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் கண்பார்வை மீதுதான். அவளுடைய நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதியது சரியாக இருந்து, கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் மட்டும் எழுத்துகள் விட்டுப்போயிருந்தால், உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும், பாவம். அதுவரை முன் பெஞ்சில் உட்காரவைக்கும்படி வகுப்பாசிரியையிடம் கேளுங்கள்.

நோட்டில் வித்தியாசம் இல்லையென்றால், மதியம் யாருடன் சாப்பிடுகிறாள் என்று விசாரியுங்கள். தினமும் தனியாக என்றால், ஆசிரியையிடம் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுடையது அத்தகைய பள்ளி என்றால், முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேசப் போங்கள்.