மோட்டாரைக் கழற்றும் முன் நகத்தால் தள்ளிப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஹெச்ஓ அளவில் ஒரு மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். எட்டு பெகோ கம்பெனிப் பாயின்ட்கள் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்), எல்லாவற்றையும் நகர்த்த இரட்டைக் காயில் மோட்டார். சாதாரண டாகிள் சுவிட்சில் இயக்குகிறேன். போன வாரம் ஒரு மோட்டார் கருகிவிட்டது. இன்னும் இரண்டு, பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, மெதுவாக நகர்த்தும் டார்டாய்ஸ் மோட்டார் போட்டுவிடலாமா?

பதில்: கருகியதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டாகிள் சுவிட்ச்தான். பக்கத்துக்கு ஒரு கம்பிச் சுருள் வைத்து இழுக்கும் இரட்டைக் காயில் மோட்டாருக்குக் கண் சிமிட்டும் நேரம் மின்சாரம் போனால் போதும். தட்டிவிட்ட பக்கமே நிற்கும் டாகிளோ காயிலுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். காயிலின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 வோல்ட் டிசி கொடுத்தால் 4 ஆம்பியர், அதாவது 64 வாட். வீட்டில் கிடக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னே எவ்வளவு சுடும் என்று உங்களுக்குத் தெரியும். விரல்நுனி அளவுச் சுருள் இதை எத்தனை நொடி தாங்கும்?

முதல் வேலையாக, டாகிளை எடுத்துவிட்டு அழுத்தி விட்டதும் மீளும் புஷ் பட்டன் போடுங்கள். அதோடு ஒரு சிடியு (கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்). பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் காயிலுக்குள் கொட்டும் சின்னச் சர்க்யூட் அது. பட்டன் ஒட்டிக்கொண்டாலும் கெப்பாசிட்டர் காலியானபின் காயிலுக்குப் போவது சொற்பம்தான், எனவே கருகாது. இழுப்பும் பலமாக இருக்கும். எட்டு மோட்டாருக்கும் ஒரே சிடியு போதும், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் சரி.

இனி, பாதியில் நிற்கும் அந்த இரண்டு. மோட்டாரைப் பாயின்ட்டிலிருந்து விடுவித்துவிட்டு, டை பாரை (நகரும் இரண்டு தண்டவாளங்களையும் இணைக்கும் குறுக்குப் பட்டை) நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். பாதி தாண்டியதும் ஸ்பிரிங் 'டிக்' என்று மறுபக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். எங்காவது கரகரவென்று பிடித்தால் கோளாறு மோட்டாரில் இல்லை. நான் ஒருமுறை ஒரே இடத்தில் மூன்று மோட்டார்களை மாற்றிப் பார்த்து அலுத்த பிறகுதான், பாலாஸ்ட் (தண்டவாளத்தைச் சுற்றிப் போடும் கல் பொடி) ஒட்டிய பசை டை பாருக்கு அடியில் கசிந்து காய்ந்திருந்ததைக் கண்டேன். ஊசியால் சுரண்டியதும் பழைய மோட்டாரே ஓடியது. நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் நகராத பக்கத் தண்டவாளத்துக்கும் இடையே மாட்டிய ஒரு கல் பொடியும் இதே வேலையைச் செய்யும்.

பாயின்ட் சுலபமாக நகர்கிறதா? அப்படியானால் பலகையில் போட்ட துளையின் ஓரத்தில் மோட்டாரின் ஊசி உரசுகிறதா என்று கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் இரண்டு காயில்களின் தடையையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் சுற்றுகள் உள்ளுக்குள் ஒட்டிவிட்டன, மாற்றத்தான் வேண்டும்.

ஒயரையும் விட்டுவிடாதீர்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயர் 3 மீட்டர் போய்த் திரும்பினால் அரை ஓம். 4 ஓம் காயிலுக்கு அது பெரிய நஷ்டம்.

டார்டாய்ஸ் விஷயம். நல்ல மோட்டார்தான், ஆசைப்படுவதில் தப்பில்லை. 12 வோல்ட் டிசியில் மெதுவாக, நிஜப் பாயின்ட் போலவே நகரும். நகர்ந்து முடிந்தபின் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போதும் 16 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் எட்டையும் மாற்றுவது வீண் செலவு. கண்ணில் படும் முன்பக்கப் பாயின்ட்களுக்கு மட்டும் போடுங்கள், பின்னால் மறைவில் இருப்பவற்றுக்குப் பழையதே போதும்.

அப்படிப் போடும்போது இரண்டு வேலை இருக்கிறது. பெகோ பாயின்ட்டில் இருக்கும் அந்த 'டிக்' ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் டார்டாய்ஸின் மெதுவாகத் தள்ளும் கம்பி முதலில் வளையும், பிறகு திடீரென்று துள்ளும். பலகை தடிமனாக இருந்தால், கூட வரும் கம்பி தொளதொளவென்று ஆடும். அதைவிடத் தடித்த பியானோ கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். மேஜைக்கு அடியில் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் ஆர்டர் போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அடியில் டிராயர் இருந்தால் இடிக்கும்.