வைரக் கவசம் கொடுத்தும் ஏன் ஓடிப் போகிறார்கள்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர், கல்லூரி நண்பர்கள். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் பிளாக்குகளை வெட்டி அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் ஒரு சர்வர், அதாவது நாங்கள் சேர்ந்து ஆட ஒரு பொது உலகம், தொடங்கினோம். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. ஆனாலும் வாரத்தில் மூன்று இரவு அங்கேதான் சந்திக்கிறோம். உலகம் பெரிதாகிவிட்டது, ஆள்தான் போதவில்லை. அதனால் ஒரு வருடமாக ஆபீஸ் நண்பர்கள், தம்பி தங்கைகள் என்று ஒன்பது பேரைச் சேர்த்தோம். யாரையும் 'நூப்' (கத்துக்குட்டி) என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்த அன்றே வைரக் கவசம், மந்திரம் ஏற்றிய வாள், கட்டி முடித்த வீடு, பெட்டி நிறையச் சாப்பாடு என்று எல்லாம் கொடுத்துவிடுவோம். 'ரொம்ப தேங்க்ஸ்' என்பார்கள். நாலாம் நாள் ஆளைக் காணோம். இப்படி எட்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது என் தோழியின் தம்பி மட்டும். அவன் சேர்ந்த வாரம் நாங்கள் யாருமே ஆன்லைனில் இல்லை. அவனாகவே இரண்டாயிரம் பிளாக் தள்ளி ஒரு மண் குடிசை கட்டிக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருக்கிறான். நாங்கள் என்ன தப்பு செய்கிறோம்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: கோவை நண்பருக்கு, கேள்வியோடு பதிலையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறீர்கள். எட்டு பேருக்கு எல்லாம் கொடுத்தீர்கள், எட்டு பேரும் போய்விட்டார்கள். ஒருவனுக்கு ஒன்றும் கொடுக்க வாய்க்கவில்லை, அவன் இன்னும் இருக்கிறான்.

எனக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் வேறு மாதிரி. பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் ஸ்குவாடில் முதல் நாளே 'பாட்' என்று பேர் வாங்கி, மைக்கை அணைத்துவிட்டு, அப்புறம் ஆட்டத்தையே அழித்தவர்கள் எழுதுவார்கள். கணினி ஆட்டும் பொம்மைக்குத்தான் 'பாட்' என்று பேர். உயிருள்ள மனுஷனை அப்படிக் கூப்பிட்டால் அவன் எப்படி நிற்பான்? அதற்குப் பதில் எழுதுவது சுலபம்: வாயை அடக்குங்கள். உங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. நீங்கள் நல்லவர்கள். கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்கள்.

இதே உபசாரத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் என் அக்கா மகன் அவனுடைய மைன்கிராஃப்ட் உலகத்துக்கு என்னைக் கூட்டிப் போனான். "சித்தி, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், எல்லாம் நான் வச்சிருக்கேன்" என்றான். தலையிலிருந்து கால்வரை, வைரத்தையும் மிஞ்சிய நெதரைட் கவசத்தை மாட்டிவிட்டான். கண்ணாடி மாளிகை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினான். நான் ஒரு விசையைத் தொடப் போனால், "ஐயோ அதைத் தொடாதீங்க, பண்ணை நின்னுடும்" என்றான். அவன் எலைட்ரா என்ற சிறகைக் கட்டிக்கொண்டு தலைக்கு மேலே பறந்தபடி எல்லாவற்றையும் காட்டினான், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவன் மனசு நோகக் கூடாதே என்று "சூப்பர்டா" என்றேன். உங்கள் ஆட்கள் சொன்ன 'ரொம்ப தேங்க்ஸ்' எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு என் லேப்டாப்பில் தனியாக ஒரு உலகம் திறந்தேன். மரத்தைக் கையால் அடித்தால் கட்டை வரும் என்பது மட்டும் தெரியும். அங்கே பகலும் இரவும் சேர்ந்து நம் கணக்கில் இருபதே நிமிஷம். நான் நாலு மரத்தை அடித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டார்ச் செய்யத் தெரியாது. பயந்துபோய் ஒரு மேட்டில் பொந்து தோண்டி உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஜாம்பி முனகுகிற சத்தம். விடிந்ததும் ஒரு கட்டியை எடுத்து எட்டிப் பார்த்தால், எலும்புக்கூடு ஒன்று வெயிலில் பற்றி எரிகிறது. ஆகா, வெயில் வந்தால் எல்லாம் எரிந்துவிடும் போலிருக்கிறது என்று தைரியமாக வெளியே வந்தேன். பக்கத்தில் வந்து வெடிக்கும் கிரீப்பர் என்ற பிராணிக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்றது. அவ்வளவுதான். மூன்று மணி வரை ஆடினேன்.

மைன்கிராஃப்டில் கதை என்று ஒன்று எழுதி வைக்கவில்லை. மரத்திலிருந்து கல், கல்லிலிருந்து இரும்பு, இரும்பிலிருந்து வைரம். புதிதாக வருகிறவருக்கு இந்த ஏணிதான் கதை. நீங்கள் அவரைத் தூக்கி நேராகக் கடைசிப் படியில் வைத்துவிடுகிறீர்கள். பந்தியில் இலை போட்டதுமே பாயசத்தை ஊற்றி, பீடாவையும் கையில் கொடுத்து "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதுபோல. அவர் என்ன சொல்வார்?

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆட்டம் புதியவர்களை வரவேற்பதில் நல்ல பேர் வாங்கியது. புதியவரின் பெயர் பக்கத்தில் ஒரு சின்ன முளை படம் நிற்கும். பார்த்ததும் மற்றவர்கள் கொஞ்சம் நிதானிப்பார்கள். குழுவாகப் போய்ச் சண்டை போடும் நிலவறை ஒன்றுக்கு முதல்முறை வருகிறவர் குழுவில் இருந்தால் கூடப் போகிற பழையவர்களுக்கும் கூடுதல் பரிசு உண்டு. ஆகவே புதியவர் வந்தால் அங்கே சந்தோஷப்படுவார்கள். அப்பேர்ப்பட்ட இடத்திலேயே ஒரு கூத்து நடந்தது. முதல் கதையின் உச்சக்கட்டமாக, அப்போது எட்டு பேர் சேர்ந்து போகும் இரண்டு இடங்கள் இருந்தன. புதியவர் கதைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நூறு தடவை பார்த்த பழையவர்கள் அதைத் தாண்டிவிட்டு ஓடி, பெரிய எதிரியைக் கொன்று முடித்திருப்பார்கள். காட்சி முடிந்து இவர் வந்தால் காலிக் களம். யாரும் திட்டவில்லை, வேலையும் சீக்கிரம் முடிந்தது, வெற்றியும் கிடைத்தது. ஆனால் அவர் ஆடவே இல்லை. கடைசியில் அந்தக் காட்சிகளை யாருமே தாண்ட முடியாதபடி செய்தார்கள். அதுவும் போதாமல் 2022-இல் அந்த இடங்களையே மாற்றிக் கட்டினார்கள்.

சரி, ஒன்றும் கொடுக்காமல் காட்டில் விட்டுவிடலாமா? அந்தத் தம்பிக்குப் பலித்தது எல்லாருக்கும் பலிக்காது. தனியாக ஆட வேண்டுமென்றால் உங்கள் சர்வருக்கு ஏன் வர வேண்டும், வீட்டிலேயே ஆடலாமே.

புதியவர் வருகிற முதல் இரவு, ஆறு பேரும் டிஸ்கார்ட் அரட்டையில் கூடி உட்காராதீர்கள். அவர் ஒரு கேள்வி கேட்டால் ஆறு வாயிலிருந்து ஆறு பதில் வரும், ஏழாவதாக ஒரு பழைய ஜோக் வரும். ஒருவர் போதும். அந்த ஒருவர் உங்களில் பெரிய கெட்டிக்காரராக இருக்கவே கூடாது என்பது என் கருத்து. கெட்டிக்காரருக்கு, தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்திருக்கும். நிதானமாக ஒரு வீட்டை மூன்று வாரம் கட்டுகிற ஆள் ஒருவர் உங்கள் கூட்டத்திலும் இருப்பார், அவரை அனுப்புங்கள். போகும்போது வைரத்தையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேர் கையிலும் மரவாள் இருந்தால்தான் பேச்சு சமமாக இருக்கும்.

"இரும்பு எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார். "எங்க இரும்புப் பண்ணைல ரெண்டு ஸ்டாக் எடுத்துக்கோ" என்று உங்கள் நாக்கு நுனிவரை வரும். கடித்துக்கொள்ளுங்கள். "குகைக்குள்ள போகணும். டார்ச் எத்தனை வச்சிருக்க? வா, நானும் வரேன்" என்று சொல்லலாம். உள்ளே போனதும் முன்னால் ஓடாதீர்கள், பின்னால் நடங்கள். வழி தப்பினால் தப்பட்டும்.

எதையெல்லாம் சொல்லலாம், எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று குழம்புவீர்கள். நான் பிரிக்கிற விதம் இது. ஆட்டத்தின் சட்டங்களை அவரே கண்டுபிடிக்க விடலாம். 2017-இல் செய்முறைப் புத்தகம் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் எதை எதோடு சேர்ப்பது என்று தடுமாற வேண்டியதும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சட்டங்களை முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பெட்டி பொது, எது சொந்தம், யார் வயலில் அறுத்தால் திரும்ப நட வேண்டும், எங்கே மரம் வெட்டக் கூடாது. கிரீப்பரிடம் செத்தால் சிரிப்புத்தான் வரும். தெரியாமல் ஒருவர் பெட்டியில் கை வைத்துவிட்டு, அது அவருடையது என்று அப்புறம் தெரிந்தால் கூச்சம் வரும். கூச்சப்பட்டவர் மறுநாள் வர மாட்டார். அப்புறம், நெதர் என்ற நரக உலகத்தில் கட்டில் போட்டுப் படுத்தால் வெடிக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். புதியவரை அதில் படுக்க வைத்து வேடிக்கை பார்ப்பது பழைய குறும்பு. பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது வேடிக்கை.

அவர் செத்துப்போகிற நேரம் முக்கியம். கையிலிருந்ததெல்லாம் செத்த இடத்தில் சிதறிக் கிடக்கும். இத்தனை நாளும் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்: "விடு, புதுசா ஒரு செட் தரேன்." அவர் இரண்டு மணி நேரம் சேர்த்ததற்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பதில் "வா, போய் எடுத்துட்டு வரலாம்" என்று கிளம்புங்கள். கீழே விழுந்த பொருள் ஐந்து நிமிஷத்தில் மறைந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஆள் யாரும் இல்லாதபோது அந்தக் கடிகாரம் ஓடாது. அதனால் உதவுகிறேன் என்று நீங்கள் முன்னால் பறந்துபோய் அந்த இடத்தில் நிற்காதீர்கள், நின்றால் கடிகாரத்தை நீங்களே ஓட விடுகிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஓடுங்கள். கிடைத்தாலும் சரி, லாவாவில் விழுந்து எரிந்திருந்தாலும் சரி, அடுத்த வாரம் பேசுவதற்கு ஒரு கதை ஆயிற்று. உங்கள் ஆறு பேருக்கும் அப்படி நூறு கதை இருக்கும். புதியவருக்கு இதுதான் முதல்.

அந்த நூறு கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மூணாவது பண்ணை', 'அன்னைக்கு அவன் விழுந்த பள்ளம்' என்றெல்லாம் நீங்கள் பேசிக்கொள்ளும்போது, புதியவர் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்த மாதிரி இருப்பார். பெயர்ப்பலகை எழுதி நட்டுவிடுங்கள், ஒரு மாலை வேலைதான். மைக்கில் பேசக் கூச்சப்படுகிறவரை வற்புறுத்த வேண்டாம், எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லுங்கள்.

இனி, எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம். உங்களுக்கு ஆள் போதவில்லை என்கிறீர்கள். ஆனால் வந்தவர்களில் யாருக்காவது, தான் இல்லாவிட்டால் இங்கே ஒரு வேலை நிற்கும் என்று தோன்றியிருக்குமா? ஈவ் ஆன்லைன் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-இல் கொண்டுவந்த விண்வெளி ஆட்டம் உண்டு. கரடுமுரடான இடம், அங்கே உடைந்த கப்பல் உடைந்ததுதான். புதியவர்களுக்குச் சொல்லித்தரவே ஆட்டக்காரர்கள் சேர்ந்து 2004-இல் ஈவ் யுனிவர்சிட்டி என்று ஒன்றைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அங்கே வந்து சில நாளே ஆனவருக்கும் படையில் ஓர் இடம் உண்டு. சல்லிசான சின்னக் கப்பலில் பாய்ந்துபோய், எதிரியின் பெரிய கப்பல் தப்பி ஓடாதபடி பிடித்து வைக்க வேண்டும். அவர் பிடித்து வைத்தால்தான் பெரியவர்கள் வந்து சுட முடியும். அவர் கப்பல் அனேகமாக உடையும். உடைந்தாலும் அன்றைய வேட்டையில் அவருக்குப் பங்கு உண்டு.

உங்கள் உலகத்திலும் அப்படி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. ஆறு பேரும் எலைட்ராவில் பறப்பவர்கள் என்றால் ராக்கெட் தின்று தீர்ப்பவர்கள் என்று அர்த்தம். ராக்கெட்டுக்கு வெடிமருந்தும் காகிதமும் வேண்டும், காகிதத்துக்குக் கரும்பு வேண்டும். கரும்பு நடத் தண்ணீர் ஓரத்து மண் போதும், வைரக் கவசம் எதற்கு? புதியவரிடம் கரும்பு வாங்குங்கள். வாங்குங்கள் என்றால் காசு கொடுத்து, மரகதமோ இரும்போ, பேரம் பேசி. சும்மா "போய்க் கரும்பு வெட்டிட்டு வா" என்றால் அது எடுபிடி வேலை, அதற்கும் ஓடிப்போவார்.

சில சர்வர்களில் வருடத்துக்கு ஒரு தடவை உலகத்தையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அஞ்சாறு வருட உழைப்பை அப்படி அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதில் நாலாயிரம் பிளாக் தள்ளி யாரும் மிதிக்காத ஒரு கரையில் புது ஊர் ஒன்றைத் தொடங்குங்கள். பழையவர்களும் அங்கே வெறுங்கையோடுதான் வர வேண்டும், பழைய ஊரிலிருந்து ஒரு டார்ச்கூடக் கொண்டுவரக் கூடாது. நெதர் வழியாக எட்டில் ஒரு பங்கு தூரம்தான், ஐந்நூறு பிளாக் நடந்தால் பழைய ஊர். அந்தப் பாதையை எப்போது திறப்பது என்று புது ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும்.

இவ்வளவு செய்தும் சிலர் போகத்தான் செய்வார்கள். பரீட்சை வரும், குழந்தை பிறக்கும், சிலருக்கு இந்த ஆட்டமே பிடிக்காது. துரத்திப் போய்க் காரணம் கேட்காதீர்கள்.

முதலில் அந்தத் தம்பி. இந்த வாரம் ஒருவர் மட்டும் அவன் குடிசைக்குப் போய் வாருங்கள். பறந்து போகாமல், கவசம் போடாமல், இரண்டாயிரம் பிளாக்கும் நடந்தே போங்கள். சர்வருக்குள் அவன் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், "உள்ளே வரலாமா?" என்று எழுதிக் கேளுங்கள். சுரங்கம் எங்கே வெட்டியிருக்கிறான், முதல் ராத்திரி எப்படிக் கழிந்தது என்று கேளுங்கள். அவன் சுற்றிக் காட்டுவான், ரொம்ப நேரம் காட்டுவான். கிளம்பும்போது அவன் பெட்டியில் எதையும் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கரும்பு இருந்தால் விலை கேளுங்கள்.