ஒரே இடம் எதற்கு?

கேள்வி: 2019-இல் ட்விட்டர் மேல் கோபித்துக்கொண்டு, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் மாஸ்டடானுக்குப் போனோம், கொஞ்ச நாளில் திரும்பிவிட்டோம். 2022-இல் மறுபடியும் போனோம். இப்போது நண்பர்களில் பாதிப் பேர் ஒரு சர்வரில், சிலர் இன்னொரு சர்வரில், மீதிப் பேர் ப்ளூஸ்கை என்ற வேறொரு தளத்தில். போதாக்குறைக்கு எங்கள் சர்வரை இன்னொரு சர்வர் பிளாக் செய்துவிட்டதாம். எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் காலம் வருமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு, ஒரே நாடு ஒரே தேர்தல் என்று கேட்டுக் கேட்டு அலுத்த காதில் நீங்களும் வந்து 'ஒரே இடம்' என்கிறீர்கள். இந்த 'ஒரே' எங்கே வந்தாலும் நான் முதலில் கேட்பது, சாவி யார் கையில் என்பதைத்தான். 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய ஊர் நம்முடையது. அந்த ஊர்க்காரர் இப்படிக் கேட்கலாமா? ட்விட்டரும் ஒரே இடமாகத்தான் இருந்தது. அங்கே 2019-இல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை முடக்கினார்கள். கூட்டமே நாஜி வணக்கம் வைக்கும்போது ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் அந்தப் பழைய ஜெர்மன் புகைப்படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார், அதுதான் குற்றம். அப்போதுதான் இந்தியாவிலிருந்து பெரிய கூட்டம் ஒன்று மூட்டை கட்டியது, நீங்களும் அதில் ஒருவர். 2022 அக்டோபரில் மஸ்க் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார், மறுபடியும் மூட்டை. ஒரே இடம் என்றால் ஒரே முதலாளி, அவ்வளவுதான். அதனால் சர்வர்கள் பலவாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்னும் நூறு வரட்டும்.

ஆனால் போகிற போக்கில் 'பிளாக் செய்துவிட்டதாம்' என்று ஒன்று சொன்னீர்களே, என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான கேள்வி.

2023-இல் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் நிர்வாகம் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் அறிவித்ததும் பலர், மாஸ்டடான் மாதிரியே ஒன்றோடொன்று இணைந்த, லெம்மி என்ற மென்பொருளில் ஓடும் சர்வர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒன்று பீஹா. நாலே பேர் பார்த்துக்கொண்ட சின்ன இடம், எதற்குச் சேர விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். பக்கத்தில் லெம்மி.வேர்ல்ட், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். அங்கிருந்து வம்பு பேசுகிறவர்கள் வரவர நால்வராலும் சமாளிக்க முடியவில்லை, லெம்மி.வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் பிளாக் செய்து அடியோடு துண்டித்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து வசவுகளை அழித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள், மென்பொருளோ ஒரு சர்வரைப் பாதி மட்டும் கட்டுப்படுத்த அவர்களுக்கு வழி தரவில்லை.

சரி, அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு என்ன ஆனது? பீஹாவின் குழுக்களுக்கு லெம்மி.வேர்ல்டில் ஒரு பிரதி இருந்தது, துண்டித்த பிறகும் அது அப்படியே இருந்தது. பழைய பதிவுகள் தெரியும், கீழே பதில் எழுதலாம், எழுதினால் போய்ச் சேர்ந்தது போலவே திரையில் தெரியும். ஆனால் பீஹாவில் இருப்பவர் கண்ணில் அது படாது. தன் சர்வர்க்காரர்கள் மட்டுமே பார்க்கிற இடத்தில் எழுதிக்கொண்டு, நேற்றுவரை பேசியவர் ஏன் பதில் போடவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்துவது உங்கள் உரிமை ஐயா, சாத்தியதைச் சொல்ல வேண்டாமா? 2016-இல் வந்த மாஸ்டடானில்கூட, சர்வர் துண்டிப்பால் உங்களுக்கு யார் யார் தொடர்பு அறுந்தது என்று அறிவிப்பு வந்தது 2024 அக்டோபரில், 4.3 பதிப்பில்தான். எட்டு வருஷம்!

இன்னொன்று கேளுங்கள். 2024 பிப்ரவரியில் மாஸ்டடானையும் ப்ளூஸ்கையையும் இணைக்க 'பிரிட்ஜி ஃபெட்' என்று ஒரு பாலம் போட முயன்றார் ஒருவர். வேண்டாம் என்று சொல்கிறவர்களை விட்டுவிடுகிறேன், மற்றவர்களை இணைக்கிறேன் என்றார். எங்களைக் கேட்காமல் எப்படி இணைக்கலாம் என்று மாஸ்டடான் பக்கம் பெரும் சண்டை, கடைசியில் கேட்டவர்களை மட்டும் இணைப்பதாக மாற்றினார். சண்டை நியாயமானதுதான். ஆனால் சேர்ப்பதற்கு அனுமதி கேட்கச் சொல்லும் அதே உலகத்தில், வெட்டுவதற்கு முன்னால் உறுப்பினரைக் கேட்கிற அட்மின் எத்தனை பேர்? மாநில சுயாட்சி கேட்டவர்கள் யாரும் பக்கத்து மாநிலத்துச் சம்பந்தியின் கடிதத்தை எல்லையில் கிழித்துப்போடும் அதிகாரம் கேட்கவில்லை.

அப்புறம், சர்வரே செத்துப்போவது. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறேன் என்று சிலருக்கு அலுப்பு, இருக்கட்டும். ஆர்குட் 2014-இல் போனது, கூகுள் பிளஸ் 2019-இல் போனது, அவற்றோடு தமிழில் நடந்த எத்தனையோ நல்ல உரையாடல்களும் போயின. பெரிய கம்பெனியை நம்பினால் இப்படித்தான் என்று அப்போது சொன்னவர்கள், சின்ன சர்வர்களின் கதையையும் பார்க்க வேண்டும். குவியர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் முகவரியில் வரும் 'ஏஎஃப்' ஆப்கானிஸ்தானுக்கு உரியது. தாலிபான் அரசின் கீழ் உள்ள அமைச்சகம் 2024-இல் அந்த முகவரியை முடக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா நடத்திய மாஸ்டடான் சர்வரையே 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சர்வர் உயிரோடு இருந்தால் ஃபாலோயர்களைப் புது வீட்டுக்கு அழைத்துப் போகலாம், பதிவுகள் அப்போதும் வராது. முகவரியே செத்துவிட்டால் ஃபாலோயர்களையும் அழைத்துப்போக முடியாது.

எனவே ஒன்றுகூடுவது எப்போது என்பதை விடுங்கள். உங்கள் சர்வருக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுகிறார், யாரைத் துண்டிப்பது என்று யார் முடிவு செய்கிறார், இதைக் கேளுங்கள். சோஷியல்.கூப் என்ற சர்வரில் உறுப்பினர்களே சந்தா கட்டி, தாங்களே ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறார்கள். பால் சங்கமும் நெசவாளர் சங்கமும் நடத்தத் தெரிந்த தமிழர்கள் இருநூறு பேர் சேர்ந்து அப்படி ஒன்று நடத்த முடியாதா? முடியும். தொடங்குகிறவர்கள் எழுதுங்கள், முதல் சந்தா என்னுடையது.

அதுவரைக்கும் ஒரு வேலை. மாஸ்டடான் அமைப்புகளில் ஏற்றுமதி என்ற பகுதி இருக்கிறது. நீங்கள் பின்தொடர்பவர்கள் பட்டியலை அங்கே உடனே இறக்கிக்கொள்ளலாம், எழுதிய பதிவுகளை மொத்தமாக ஏழு நாளைக்கு ஒருமுறை கேட்டு வாங்கலாம். பதிலைப் படித்து முடித்த கையோடு இன்றைக்கே எடுத்து வையுங்கள்.