அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 42 வயது. சொந்த ஊர் ஆண்டிபட்டி பக்கம் ஒரு கிராமம். திருப்பூர் வந்து 16 வருஷம் ஆகிறது. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் டெய்லர், பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. மனைவி செக்கிங், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வேலை இருந்தபோது ஒன்றரை ஷிஃப்ட் பார்த்து இருவரும் சேர்ந்து மாதம் 32,000 வரை எடுத்தோம். நம் துணிக்கு அமெரிக்கா வரி போட்ட பிறகு வாரத்தில் நாலு நாள்தான் மிஷின் ஓடுகிறது, 20,000 தாண்டவில்லை. வேலம்பாளையத்தில் லைன் வீடு, ஒரே ரூம், வாடகை 4,500. மனைவி வாரச் செலவுக்கும் செங்கலுக்கும் என்று மூன்று குழுவில் லோன் வாங்கியிருக்கிறாள், வாரம் 2,400 கட்ட வேண்டும். போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரியில் 70,000 ஆனது, அடகு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து 431 மார்க் எடுத்திருக்கிறாள். லைட் போட்டால் மற்றவர்கள் தூங்க முடியாது என்று ராத்திரி காம்பவுண்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்த பிள்ளை. மகன் ஆறாவது. ஊரில் கட்டும் வீடு வேறு கூரைக்குச் சென்ட்ரிங் போடும் மட்டத்தில் நிற்கிறது. பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் அஸ்திவாரம் போட்டோம், இதுவரை ஆறரை லட்சம் போயிருக்கிறது. அப்பா பேரில் உள்ள இடம்தான், பிரச்சினை வராது. கம்பிக்கென்று 45,000 சேர்த்து வைத்திருக்கிறோம். இப்போதைய கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது, கைக்கு முழுசாக வரும் என்றுதான் இருவரும் மாறினோம். தம்பி மாடியே எழுப்பிவிட்டான், ஊரில் தலைகாட்ட முடியவில்லை. இன்னொரு லோன் போட்டுக் கான்கிரீட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விடலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே இருக்கலாமா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, வரி, வாடகை, குழு லோன், ஆபரேஷன், நகை என்று ஒவ்வொரு கஷ்டமும் தனித்தனியாக வந்து உங்கள் தலையில் விழுந்தது போல எழுதியிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஊரில் கட்டும் வீட்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்களே எழுதியதை வரிசை மாற்றிப் படித்துப் பாருங்கள். வீடு கட்ட பி.எஃப். பணத்தை எடுத்தீர்கள். வீட்டுக்குப் பணம் போதவில்லை என்று பிடித்தம் இல்லாத கம்பெனிக்கு மாறினீர்கள். அங்கே இ.எஸ்.ஐ. இல்லாததால் மனைவியின் ஆபரேஷனுக்கு 70,000 கையிலிருந்து போனது. அதற்கு நகை போனது. நகை அடகில் இருக்கும்போது வாரச் செலவுக்கும் செங்கலுக்கும் குழு லோன் வந்தது. வரியைத் தவிர மற்றதெல்லாம் அந்த அஸ்திவாரத்திலிருந்து கிளம்பியதுதான்.

சம்பளம் போதவில்லை என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. வருஷத்துக்கு 40,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், 16 வருஷம் மிஷினில் உட்கார்ந்தவன் ஒரே ரூமில் குடும்பத்தோடு நாலு பேராகப் படுக்கிறான் என்றால், அது அந்த ஊர் வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆர்டர் வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார்கள், ஆர்டர் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், நஷ்டம் வரும்போது முதலில் கை வைப்பது உங்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இப்படித்தான் நடந்தது, 2020 ஊரடங்கிலும் நடந்தது, 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் நடந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குத் திருப்பூரிலிருந்து இதே மாதிரி கடிதம் வரும், பாதிக் கடிதங்களில் ஊரில் ஒரு வீடு பாதியில் நிற்கும். திருப்பூர் வேலை ஏறும், இறங்கும் என்பது 16 வருஷம் இருந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, வேலை இறங்கும் நாளில் தாங்கிப் பிடிப்பதற்கென்று இருந்த ஒன்றிரண்டையும் நீங்களே கழற்றி விட்டிருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

"கைக்கு முழுசாக வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது? கம்பெனிக்காரர் சொல்லியிருப்பார், கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார், அவர்களுக்கு அது லாபம். உங்கள் மனைவிக்கு மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் அவரிடம் பிடிப்பார்கள், அதே 1,440 கம்பெனியும் போட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு முக்கால் சதவீதம், வெறும் 90 ரூபாய். கம்பெனி பங்கு 390. ஆக, 1,530 கைக்குக் கூடுதலாக வருகிறது என்று நீங்கள் சந்தோஷப்படும்போது, உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய 1,830 ரூபாய் முதலாளியின் கல்லாவிலேயே நின்றுவிடுகிறது. 90 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 70,000 ஆஸ்பத்திரி பில் கட்டினீர்கள். திருப்பூரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பழைய கம்பெனியிலேயே இருந்திருந்தால் ஆபரேஷனுக்கு ஒரு பைசா ஆகியிருக்காது. சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருந்தால், ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்த நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளமும் வந்திருக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. உங்கள் மனைவி எத்தனை நாளில் செக்கிங் டேபிளுக்குத் திரும்பினார் என்று நீங்கள் எழுதவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே பீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற வேலை அது. ஆபரேஷன் செய்த வயிற்றோடு அதைச் செய்யக் கூடாது.

பி.எஃப். எடுத்தது அதைவிடப் பெரிய தவறு. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு, பெரிய தொகை இல்லை, குறைந்தபட்சம் 1,000 ரூபாய்தான், ஆனால் உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கும் வரும். எனவே முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் எடுத்தபோது படிவம் 19 மட்டும் கொடுத்தீர்களா, 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தையும் எடுத்தீர்களா? பென்ஷன் பணத்தைத் தொடவில்லை என்றால் பழைய சர்வீஸ் அப்படியே இருக்கும், புது கம்பெனியில் அதே யு.ஏ.என். நம்பரை, அதாவது உங்கள் பி.எஃப். நம்பரை, கொடுத்தால் அதோடு சேர்ந்துகொள்ளும். யாரோ ஏஜென்ட் செய்து கொடுத்தார், எனக்கு ஞாபகமில்லை என்பீர்கள். ஆன்லைனிலேயே பார்க்கலாம், இல்லையென்றால் பி.எஃப். அலுவலகத்துக்கு ஒருநாள் போங்கள், இப்போதுதான் வாரத்தில் மூன்று நாள் வேலை இல்லையே.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? நீங்கள் ஊருக்குப் போவது பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கல்யாணம் காட்சிக்கும்தானே? குடும்பத்தோடு போய்விடலாமா என்று கேட்கிறீர்கள், போய் என்ன வேலை பார்ப்பீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஓவர்லாக் மிஷினில் 16 வருஷம் பழகிய கை உங்களுடையது. ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடுகிறது, ஆனால் அது உங்களுக்குத் தெரியாத தொழில், அதில் இருப்பவர்களே கூலி கட்டவில்லை என்று உங்களைப் போல் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள். வேலை இருந்திருந்தால் நீங்களும் 16 வருஷம் முன்பு கிளம்பியிருக்க மாட்டீர்கள். வாடகை 4,500 மிச்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு 20,000 வருமானத்தை விட்டுவிட்டுப் போவது எந்த ஊர்க் கணக்கு?

அப்புறம் அந்த இடம். "அப்பா பேரில் உள்ள இடம்தான், பிரச்சினை வராது." பிரச்சினை வரும் தம்பி. அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினால் அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு, கட்டிக் கொடுத்துவிட்ட தங்கச்சி, அக்கா இருந்தால் அவர்களுக்கும். நீங்கள் போட்ட ஆறரை லட்சத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. உங்கள் தம்பி நல்லவனாகவே இருக்கட்டும், நாளைக்கு அவன் பிள்ளைகள் வளர்ந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் பேரில் இல்லாத மண்ணில், உங்கள் மனைவி வாங்கிய கடனில், நீங்கள் வாழப் போகாத வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காரணத்தை நீங்களே கடைசியில் சொல்லிவிட்டீர்கள், தம்பி மாடி எழுப்பிவிட்டான், தலைகாட்ட முடியவில்லை என்று.

எனக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. அப்பா அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புவது கடமை. அவர்கள் இருக்கும் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுப்பது கடமை, அதற்குக் கடன் வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஊரார் பார்ப்பதற்குக் கான்கிரீட் போடுவது கடமையில் சேராது. அப்பா என்பவனின் முதல் கடன் தன்னோடு ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகளுக்குத்தான். உங்கள் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது பெருமைப்படுகிற விஷயமா? லைன் வீட்டு மாடிப்படி என்றால் பத்துக் குடும்பம் ஏறி இறங்கும், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆண்கள் வருவார்கள், தண்ணீர்க் குடத்தோடு ஆள் வந்தால் புத்தகத்தை மடித்து எழுந்து வழிவிட வேண்டும். 15 வயதுப் பெண், கொசுக்கடியில், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே உட்கார்ந்து 431 எடுத்திருக்கிறாள். நீங்கள் ஊரில் யாரும் இல்லாத இடத்தில் அவளுக்கு ஹால் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு லோன் என்ற பேச்சே வேண்டாம். வாரம் 2,400 என்றால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல், உங்கள் இப்போதைய வருமானத்தில் பாதி. ஒரு குடும்பத்தின் கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே குழு லோன் கம்பெனிகளுக்கு விதி வைத்திருக்கிறது. நாலாவதாக ஒருவன் கொடுக்க வந்தால், உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதித்தான் கொடுப்பான். வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரவோ போன் செய்யவோ கூடாது என்பதும் விதிதான். ராத்திரியில் வாசலில் வந்து உட்கார்ந்தால் மனைவி பயந்து நடுங்க வேண்டியதில்லை, இதைச் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

கம்பிக்கு வைத்திருக்கும் 45,000-ஐ எடுத்து, மூன்று குழுக் கடனில் எதை முழுசாக முடிக்க முடியுமோ அதை இந்த வாரமே முடியுங்கள். மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒன்று முடிந்தால் வாரம் ஏழெட்டு நூறு ரூபாய் மிஞ்சும். அந்தப் பணம் இரண்டு ரூம் வீட்டின் கூடுதல் வாடகைக்கு. கட்டடத்துக்கு வாங்கிப் போட்ட மணலும் செங்கலும் கிடந்தால் உங்கள் தம்பியிடமே விலைக்குக் கொடுங்கள், அட்வான்ஸுக்கு ஆகும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனிக்கு முதலில் மனைவி மாறட்டும், பின்னாலேயே நீங்கள். பீஸ் ரேட்காரனுக்கு அதெல்லாம் கிடையாது என்று கான்ட்ராக்டர் சொன்னால் நம்பாதீர்கள். பீஸ் ரேட்டுக்கும் உண்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு, கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் கம்பெனிதான் பொறுப்பு. கொஞ்ச நாள் இடிக்கத்தான் செய்யும், தெரியும். இதுவரை செங்கல்லுக்காக இடித்தது, இனிமேல் பிள்ளைகளுக்காக இடிக்கட்டும்.

சொந்த வீட்டு ஆசையை விடச் சொல்லவில்லை. திருப்பூரில் வீரபாண்டியில் 1,280, திருக்குமரன் நகரில் 1,248 என்று அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடி வீடுகள் 2021-ல் திறந்தார்கள். அந்த மாதிரித் திட்டங்களுக்கு நாட்டில் வேறெங்கும் உங்கள் குடும்பத்துக்குப் பக்கா வீடு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வாரிய அலுவலகத்தில் அடுத்து என்ன வருகிறது, நீங்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகை எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். ஊரில் கான்கிரீட் போட்டு வீட்டை உங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

மகளைப் பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளியிலேயே சேருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ரூஃப் முடியும் வரை ஒரு வருஷம் கம்பெனிக்கு வரட்டும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு வீட்டுக்குள் நுழையக் கூடாது.

கடைசியாக ஒன்று. கடன் உங்கள் மனைவி பேரில், நகை அவருடையது, ஆபரேஷன் அவருக்கு. கான்கிரீட் போடலாமா, ஊருக்குப் போகலாமா என்பதில் அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் கடிதத்தில் இல்லை. 45,000-ஐத் தொடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். பிளஸ் ஒன் வகுப்பு தொடங்குவதற்குள் வீடு மாறியாக வேண்டும், வேலம்பாளையத்திலேயே வேண்டுமா, பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டுமா என்பதை அவரும் மகளும் முடிவு செய்யட்டும்.